தொட்டுப் பார்க்காமல் எழுதிய மாத்திரை

அன்று காலை மிளகு எனக்குப் பின்னால் வந்தாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மிளகு எங்கள் நாய். உடம்பெல்லாம் கறுப்பு, ஈறும் நாக்கின் ஓரமும்கூடக் கறுப்பு. “நாயைப் போயி ‘அவள்’னா எழுதுவே?” என்று என் கணவர் தங்கராசு கேட்டார். அப்படித்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏற்காட்டு மலையில், தலைச்சோலையில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை காப்பித் தோட்டத்துக்குள் நடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் விடிந்து வெகுநேரம் ஆனாலும் மூடுபனி விலகாது. அந்தப் பாதையில் காட்டெருமை நிற்கும். நின்றால் மரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மிளகு முன்னால் போவாள். காட்டெருமை இருந்தால் குரைக்க மாட்டாள். சட்டென்று நின்று காதை நிமிர்த்துவாள். நானும் நின்றுவிடுவேன். அது நகர்ந்த பிறகு நாங்கள் நடப்போம். அவள் இல்லாமல் நான் அந்தப் பாதையில் கால் வைத்ததே இல்லை.

அப்படிப்பட்டவள் அன்றைக்குப் பின்னால் வந்தாள். திரும்பிப் பார்த்தால் முன்னங்கால் ஒன்றைத் தரையில் சரியாக ஊன்றவில்லை.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு நாயோ பூனையோ மூலையில் சுருண்டு படுத்திருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன், ஆறவில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பட்டா விண்ணப்பம், கரண்ட் பில், காலேஜ் அட்மிஷன் என்று மலையில் இருப்பவர்களுக்கு ஆன்லைனில் ஆக வேண்டியதையெல்லாம் செய்துகொடுப்பதுதான் என் பிழைப்பு. செம்மநத்தத்திலிருந்தும் வாழவந்தியிலிருந்தும் என்னைத் தேடி வருகிறார்கள். போனைக் கண்டு மிரளுகிற ஆள் நானில்லை. ‘ஒன்றும் தெரியாத பொம்பளை, போனைத் திட்டுகிறாள்’ என்று யாரும் பின்னால் சொல்லிவிடக் கூடாது.

அது ஐப்பசி மழை. மலைப்பாதையில் மண் சரிந்து, பஸ்ஸெல்லாம் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. ஏற்காட்டு அரசுக் கால்நடை மருத்துவர் அந்த வாரம் ஊர் ஊராக மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். கணவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மழை இன்னும் வலுக்கும் முன் எடுக்க வேண்டிய மிளகாய் மூட்டையும் வாழைத்தாரும் அவர் தலையில். “காலைத்தான நொண்டுது? ஆன்லைன்லயே காட்டிரலாமுங்க” என்று நான் சொன்னேன்.

செல்லப்பிராணிகளுக்கென்று ஒரு செயலி. பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதற்கும் விளம்பரம் ஆகிவிடும். வீடியோவில் மருத்துவர் வருவார், பார்ப்பார், மருந்து எழுதுவார். மருந்தையும் அவர்களே விற்பார்கள்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மட்டும்தான். மழையில் அங்கே போய் நின்றோம். கணவர் குடையைப் போனுக்குப் பிடித்துக்கொண்டு அவர் நனைந்தார். திரையில் ஓர் இளைஞர் வந்தார். காதில் ஹெட்போன், பின்னால் சுத்தமான வெள்ளைச் சுவர்.

“நடக்க வைங்க மேடம்.”

“வா சாமி, வா கண்ணு” என்று கணவர் கூப்பிட்டார். மிளகு நாலடி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“ஓகே, நொண்டுறா. எங்கிருந்தாவது குதிச்சாளா?”

“மலைங்க டாக்டர். குதிக்காம எப்படிங்க இருப்பா?”

“அப்ப ஸ்ப்ரெய்ன்தான். தசைப்பிடிப்பு. பயப்பட ஒண்ணுமில்லை. வெயிட் எவ்வளவு?”

எடையைத் துல்லியமாகச் சொன்னேன். பக்கத்து எஸ்டேட்டில் காப்பி நிறுக்கும் தொங்கு தராசில், தலை மட்டும் வெளியே தெரிய மிளகைச் சாக்கில் போட்டு, கூப்பிடுவதற்கு முன்பே நிறுத்து வைத்திருந்தோம். கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர், “என்னுங்க, இது ரொபஸ்டாவா அராபிகாவா?” என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிகிச்சையில் கடைசிவரை சரியாக இருந்தது அந்த எடை ஒன்றுதான்.

“டாக்டர், போன மாசம் உண்ணி நொம்ப இருந்துச்சுங்க. புடுங்கிப் புடுங்கிப் போட்டோம். சாப்பாடும் சரியா எடுக்கறதில்லீங்க” என்றேன். படம் உறைந்து நின்றது. மீண்டும் அசைந்தபோது அவர் கீழே குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். “கேட்டுச்சுங்களா டாக்டர்?” என்றேன். “ஓகே ஓகே மேடம், மருந்து அனுப்பிட்டேன்” என்றார். அவர் முகம் மறைவதற்கு முன்பே மருந்துச் சீட்டு வந்துவிட்டது. அதன் அடியில் ‘இப்போதே வாங்குங்கள்’ என்று ஒரு பச்சைப் பொத்தான்.

எழுதியிருந்தது வலி நிவாரணி (வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மாத்திரை). கூடவே வயிற்றுக்கு ஒன்று. சேலத்தில் உள்ள அவர்கள் கடையிலிருந்து பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினார்கள். எங்கள் மலைக்குப் பாதி மருந்து அப்படித்தான் ஏறுகிறது.

மாத்திரை கேட்டது. மறுநாள் மிளகு நான்கு கால்களையும் ஊன்றி நடந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ‘உங்கள் மருத்துவருக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்று செயலி கேட்டது. எல்லாவற்றையும் கொடுத்தேன். ‘அருமையான டாக்டர்’ என்று ஒரு வரியும் எழுதினேன். இதை நினைத்தால் இப்போதும் என் விரலை ஒடித்துப் போடலாம் போலிருக்கிறது.

சில நாள் கழித்து அவள் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. ஒரு பக்கம் மட்டும், சொட்டுச் சொட்டாக.

எங்கள் மலையில் மழைக்காலத்தில் நாய்க்கோ மாட்டுக்கோ மூக்கில் இரத்தம் வந்தால் எல்லாரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: அட்டை. ஓடையில் வாய் வைத்துக் குடிக்கும்போது பொடி அட்டை மூக்குக்குள் ஏறிவிடும். உள்ளே இருந்து உறிஞ்சிப் பெருக்கும். எடுப்பதற்கு ஒரு வழி உண்டு. நாயைத் தண்ணீர் காட்டாமல் வைத்திருக்க வேண்டும். நாக்கு வறண்ட பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீரை மூக்குக்கு நேராகப் பிடித்தால், ஈரத்தைத் தேடி அட்டை தலையை நீட்டும். விரலில் உப்பைத் தொட்டுக்கொண்டு பிடித்து இழுத்துவிடலாம். கணவர் இப்படி எத்தனையோ மாடுகளுக்கு எடுத்திருக்கிறார். அதில் அவர் கை தேர்ந்தவர்.

“அட்டையேதான் புள்ள. தண்ணித் தட்டத்த எடுத்து உள்ள வெய்யி” என்றார். எடுத்து வைத்தேன். காப்பி பறிக்கப் போய்க்கொண்டிருந்த ராசாத்தி அக்கா வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, “அட்டைதானுங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துரும், பயப்படாத ஜோதி” என்றாள்.

மிளகு தட்டம் இருந்த இடத்துக்கு வந்து வெறும் தரையை நக்கினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் தரையை நக்கினாள்.

மதியத்துக்கு மேல் கிண்ணத்தைப் பிடித்தோம். அட்டை வரவில்லை. அவள் தண்ணீருக்கு முண்டினாள். கணவர் கிண்ணத்தைப் பின்னால் இழுத்தார். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனேன்.

இந்தத் தடவை வேறொரு மருத்துவர். யார் கிடைக்கிறாரோ அவரைச் செயலியே அனுப்பும். வயதில் கொஞ்சம் மூத்தவர். இவர் விவரமாகக் கேட்பார் என்று நினைத்தேன்.

“மூக்குல ரத்தம் வருதுங்க டாக்டர். அட்டை போயிருக்கும்னு காலையில இருந்து தண்ணி காட்டாம வெச்சிருக்கோம். ஒண்ணும் வரலீங்க.”

“அட்டைன்னா, லீச்சா?” அவர் முகம் மலர்ந்தது. “ஓ, ஹில் ஏரியா இல்ல! இன்ட்ரெஸ்டிங்.”

“ஏற்கெனவே வலி மாத்திரை குடுத்துட்டு இருக்கறமுங்க. உங்க ஆப்புல எழுதுனதுதான். நிறுத்திறட்டுங்களா?”

“கால் சரியாச்சா?”

“ஆச்சுங்க.”

“அப்ப கோர்ஸை முடிச்சிடுங்க. பாதியில நிறுத்தக் கூடாது. லீச் வெளிய வந்துட்டா ரத்தம் தானா நின்னுடும்.”

அவ்வளவுதான். வாயைத் திறந்து காட்டுங்கள் என்று சொல்லவில்லை. கண்ணைக் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்காமல் வைத்திருக்கிறோம் என்று நான் வாய்விட்டுச் சொன்னேனே, ‘முதலில் தண்ணீரை வையம்மா’ என்று சொல்ல அந்த மனிதருக்கு ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. இன்ட்ரெஸ்டிங்காம்! வாயில் நன்றாக வருகிறது. அச்சில் எழுத முடியாது.

அன்று மாலையும் மாத்திரை கொடுத்தேன். பாதியில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாரே.

மறுநாள் காலை அவள் போன மலம் தார் மாதிரிக் கறுப்பாக இருந்தது. எழுந்து வந்தவள் தொட்டிக்குப் பக்கத்தில் கால் மடங்கி விழுந்தாள். கணவர் வண்டியிலிருந்த மூட்டைகளை அப்படியே வாசலில் தள்ளினார். சாக்கை விரித்து அவளைப் படுக்க வைத்துக் குப்பனூர் வழியாக இறங்கினோம். நான் பின்னால் அவளோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை என் மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அதை நிறுத்தி வைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. வழியெல்லாம் நான் சத்தமாகத் திட்டிக்கொண்டே வந்தேன். யாரை என்று எனக்கே தெரியாது.

சேலத்தில் ஒரு சிறிய விலங்கு மருத்துவமனை. அங்கே ஒரு டாக்டரம்மா. மேசைமேல் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். முதலில் அவள் நெற்றியில் கை வைத்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை. உடனே கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் அந்த இமைக்குப் பின்னால் எல்லாம் எழுதியிருந்திருக்கிறது. இழுத்துப் பார்க்கத்தான் யாருமில்லை. பிறகு அவளைப் புரட்டி அடிவயிற்றைக் காட்டினார். ஊசியால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள்.

“உண்ணி இருந்துச்சா?” இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இருந்துச்சுங்க டாக்டரம்மா. அவுங்ககிட்டயும் சொன்னனுங்க.”

போனில் இருந்த மருந்துச் சீட்டைக் காட்டினேன். படித்தார். போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

“இதை எழுதினவர் இவளைத் தொட்டாராம்மா?”

“போன்லதானுங்க பாத்தாங்க.”

அவர் இரத்தம் எடுக்க ஊசியைப் பிரித்தார்.

உண்ணிக் காய்ச்சல் (உண்ணி கடிக்கும்போது இரத்தத்தில் ஏறும் கிருமியால் வருவது) என்று பரிசோதனை சொன்னது. மூட்டுகள் வலிக்கும், அதனால் நாய் நொண்டும். கூடவே தட்டணுக்கள் (இரத்தம் கசியாமல் உறைய வைப்பவை) குறைந்துகொண்டே போகும். மூக்கில் இரத்தம் வந்தது அதனால்தான். இருக்கிற கொஞ்சநஞ்சத் தட்டணுக்களையும் அந்த வலி மாத்திரை வேலை செய்யவிடாது. குடலையும் புண்ணாக்கும். தண்ணீர் இல்லாத உடம்பில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இவ்வளவையும் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்.

“கால்ல ஒண்ணுமே இல்லம்மா. நோய் ரத்தத்துல.”

“பொழச்சுக்குவாளுங்களா?”

“கிருமிக்கு மருந்து ஆரம்பிச்சுட்டேன். தட்டணுவை உடம்பே அழிக்காம இருக்க இன்னொரு மருந்து குடுக்கணும். ஆனா அந்த வலி மாத்திரை உடம்புல இருக்கறப்ப அதைக் குடுத்தா குடல்ல ஓட்டை விழுந்துரும். அது இறங்கற வரைக்கும் நாம காத்துட்டுத்தான் இருக்கணும்.”

கையில் மருந்து இருக்கிறது, கொடுக்க முடியாது. காரணம், யாரோ ஒருவர் வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிய மாத்திரை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் உடம்பெல்லாம் எரிந்தது. நோய்மேல் எனக்குக் கோபமில்லை. உண்ணிமேலும் இல்லை, அது அதன் வயிற்றைப் பார்க்கிறது. நான் சொல்லியும் காதில் வாங்காதவர்கள்மேல்தான் கோபம்.

அப்போது போன் அதிர்ந்தது. செயலி. ‘மிளகின் மாத்திரை தீரப்போகிறது! வால் ஆட்ட மறக்காதீர்கள், இப்போதே மீண்டும் வாங்குங்கள்.’ பக்கத்தில் ஒரு நாய்க்குட்டிப் படம், கண் அடித்தது.

உள்ளே குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க மிளகு கிடந்தாள்.

உடனே அவர்களுடைய எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். சின்ன வயசுக் குரல். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் தட்டிப் பார்த்துவிட்டு, “மேடம், ‘அட்டை’ன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்கன்னு இதுல பதிவாகியிருக்கு” என்றாள்.

“உண்ணின்னும் சொன்னனே கண்ணு, அது பதிவாகலையா?”

“அது இல்லீங்க மேடம். முதல் டாக்டருக்கு நீங்களே ஃபுல் ரேட்டிங் குடுத்திருக்கீங்க. ‘அருமையான டாக்டர்’னு கமென்ட்டும் போட்டிருக்கீங்க.”

நான் திட்டினேன். சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற பிள்ளை, அவளைத் திட்டிப் பயனில்லை என்று தெரிந்தும் திட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சாரி மேடம். எங்க ஊட்லயும் நாய் இருக்குதுங்க” என்றாள். மெதுவாகச் சொன்னாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. நான் போனை வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் அடுத்த ஆலோசனைக்குச் சலுகை என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது.

அடுத்து வந்த நாட்களில் எனக்குக் கிழமை தெரியவில்லை. டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்ப்பது ஒன்றே காலையும் மாலையுமாக இருந்தது. வெள்ளை. வெள்ளை. பிறகொரு காலை, “கொஞ்சம் நிறம் வந்திருக்குற மாதிரி இருக்கு” என்றார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

அன்று மதியம்தான் தட்டணுவுக்கான அந்த இரண்டாவது மருந்தை ஆரம்பித்தார்கள். சாயங்காலம் மிளகு தலையைத் தூக்கி, தரையில் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தை மோந்து பார்த்தாள். என் கணவர் அதை எடுத்து அவள் வாயருகே பிடித்தார். அவள் குடிக்க ஆரம்பிக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னால் இழுத்துவிடுவார் என்று நினைத்தாளோ என்னவோ.

“குடி சாமி, குடி. எடுக்க மாட்டேன்” என்றார்.

குடித்தாள். முழுக் கிண்ணத்தையும் குடித்துவிட்டு அடியையும் நக்கினாள். அவர் எழுந்து வராந்தாவின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் போனேன்.

“நாந்தான புள்ள தண்ணி குடுக்காம வெச்சேன்.”

“உங்களுக்குத் தெரிஞ்சதைச் செஞ்சீங்க. உங்கள யாருங்க படிச்சுட்டு வரச் சொன்னா? படிச்சவங்கிட்டக் கேட்டமே, அந்தாளு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உடனே குடுத்திருப்பீங்கல்ல?”

 நான் சொன்னது உண்மை. இதைப் படிக்கிற உங்களுக்கும் அதையே சொல்கிறேன். உங்களை நீங்களே குத்திக் கிழித்துக்கொள்ளாதீர்கள். அதற்குத் தகுதியான ஆட்கள் வேறே இருக்கிறார்கள்.

சிறுநீரகம் தப்பியது. இடது கண் தப்பவில்லை. தட்டணு குறைந்திருந்த நாட்களில் கண்ணுக்குள்ளேயும் இரத்தம் கசிந்திருக்கிறது. கறுப்பு முகத்தில் அந்தக் கண் மட்டும் சிவந்து, பிறகு மங்கி, சாம்பல் நிறமாயிற்று. டாக்டரம்மா விரலை அந்தப் பக்கம் அசைத்தார். மிளகு அசையவில்லை. “முன்னாடியே வந்திருந்தா இந்தக் கண்ணு இருந்திருக்குமுங்களா?” என்று கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். “இருந்திருக்கலாம்மா” என்றார். பொய் சொல்லாததற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அடிக்கடி மலை இறங்க வேண்டாம் என்றார். “தொட்டுப் பாத்துட்டேன். இவ உடம்பு எனக்குத் தெரியும். இனி வீடியோல பாத்துக்கலாம்” என்றார். ஆமாம், வீடியோதான். அதே போன், அதே தொட்டியடி, அதே விட்டு விட்டு வரும் சிக்னல். ஆனால் அவர் வெயில் அடிக்கும் பக்கம் திரும்பி உட்காரச் சொல்வார். இமையை இழுத்துக் காட்டச் சொல்வார். அடிவயிற்றை, காதின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்வார். மலத்தை வெள்ளைத் தாளில் எடுத்து வைத்துக் காட்டு என்பார். படம் உறைந்தால், “சரியாத் தெரியல, திரும்பக் கூப்பிடுங்க” என்பார். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத மாட்டார். ஒரு தடவை மூன்று நாள் சோறு குறைந்தது என்று சொன்னதும், “இதுக்கு நான் போன்ல மருந்து எழுத மாட்டேன், கூட்டிட்டு வாங்க” என்றார். கூட்டிக்கொண்டு போனோம். அதனால்தான் சொல்கிறேன், எனக்குப் போன்மேல் கோபமில்லை. போன் ஒரு கண்ணாடி ஜன்னல். யார் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

மாத்திரைகள் நெடுநாள் கொடுக்க வேண்டியிருந்தன. கிருமி மருந்து தொண்டையைப் புண்ணாக்கும் என்பதால் சோற்றுக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் காட்ட வேண்டும். தண்ணீர் காட்டும் வேலையைக் கணவர் யாருக்கும் விடவில்லை. இப்போது எங்கள் வீட்டைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஒரு தண்ணீர்த் தட்டம் இருக்கிறது. கோழி குடிக்கிறது, காக்காய் குடிக்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

கடைக்கு இப்போதும் வருகிறார்கள். போன மாதம் ராசாத்தி அக்கா அவள் மகன் வீட்டு நாயின் படத்தைப் போனில் எடுத்து வந்தாள். “ஜோதி, இதுக்கு அந்த ஆன்லைன் டாக்டரக் கூப்புடு சாமி. காலை நொண்டுது” என்றாள்.

“மொதல்ல யாராச்சும் தொட்டுப் பாத்தாங்களாக்கா?”

“தொட்டுப் பாத்தா மட்டும் என்னாகப் போவுது? நொண்டுறது தெரியலையா?”

“பட்டா வேணும்னா இங்க வா, எடுத்துத் தரேன். நாய்க்கு ஒடம்பு சரியில்லைன்னா கவருமென்ட்டு டாக்டரு இன்னைக்கு இருக்காரு, தூக்கிட்டுப் போ. அப்புறம் வீடியோவப் பாத்துக்கலாம்” என்றேன். “நொம்பத்தான் பண்றே” என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஆனால் போனாள்.

கோபம் உடம்புக்கு ஆகாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் உடம்பு எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் மிளகின் இமையை இழுத்துப் பார்க்கிறேன். இளஞ்சிவப்பு. பிறகு கண்ணாடியில் என் இமையை இழுத்துப் பார்த்துக்கொள்கிறேன். பிறகு கணவருடையதையும். “விடு புள்ள, நான் என்ன நாயா?” என்பார். இதற்கு முன்னால் இந்த உடம்புகளுக்குள் இரத்தம் ஓடுகிறது என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைக்காத நாளில்லை. பஸ் நேரம், கடை திறக்கும் நேரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மிளகு மறுபடியும் முன்னால் நடக்கிறாள். ஆனால் இடது பக்கம் அவளுக்கு இல்லை. அந்தப் பக்கம் செடி உரசினால் திடுக்கிடுகிறாள். மூடுபனியில் காற்றும் அசையாமல் இருந்தால் மோப்பமும் எட்டுவதில்லை. அதனால் நான் பின்னால் நடப்பதை விட்டுவிட்டேன். அவளுக்கு இடது பக்கமாக, கழுத்துக்குக் கை எட்டும் தூரத்தில் நடக்கிறேன்.

போன வாரம் காலை. நல்ல மூட்டம். பாதையின் இடது பக்கம், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் அது நின்றிருந்தது. காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெள்ளைதான் முதலில் தெரிந்தது. மிளகு நிற்கவில்லை. காது தொங்கியபடி நிம்மதியாக நடந்துகொண்டிருந்தாள்.

கூப்பிடவில்லை. குனிந்து அவள் கழுத்தில் கை வைத்தேன்.

நின்றாள். காது நிமிர்ந்தது. முகத்தைத் திருப்பி நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள், பிறகு அந்தப் பக்கம் பார்த்தாள். என் கைக்கு அடியில் அவள் நாடி துடித்துக்கொண்டிருந்தது. காட்டெருமை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆற அமர மேட்டில் ஏறிப் போனது. கீழே ரோட்டில் என் பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் கையை எடுக்கவில்லை.